திரிந்த பாலும் கெட்ட பாலும்: பிள்ளைகளோடு வீட்டில் பனீர் செய்தல்

பதிவு 1
தாழ்வாரம் (திருநெல்வேலி)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. விடுமுறையில் இருவரையும் அடுப்படிக்குள் அழைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஏதேனும் ஒன்றை அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் முடிவதும் கண்முன்னே ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவதும் பனீரில்தான் என்பதால் அதையே தேர்ந்தேன். நீலப் பாக்கெட் பால் ஒரு லிட்டர், எலுமிச்சம்பழம் மூன்று, இட்லித் துணி ஒன்று. வேறு எதுவும் வாங்கவில்லை.

பால் தளதளவென்று கொதிக்கும்போது சாற்றை ஊற்றத் தொடங்கினோம். நான்தான் ஊற்றுவேன் என்று இருவரும் கிண்ணத்தைப் பிடித்து இழுத்ததில் முதல் பழத்தின் சாறு முழுவதும் ஒரே வீச்சில் உள்ளே போயிற்று. பால் உடனே திரியவில்லை என்று பட்டதால், பொறுக்காமல் மற்ற இரண்டு பழங்களையும் பிழிந்துவிட்டேன். அதன் பிறகு திரிந்தது. நன்றாகத் திரியட்டும் என்று மேலும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டேன். வடித்துப் பிழிந்தபோது கிடைத்தது கட்டியாகச் சேரவில்லை. வறுத்த ரவையைப் போல உதிர்ந்தது, புளித்தது, கடித்தால் பல்லில் கீச்சிட்டது.

நான் எழுதுவதற்கு அது பாதிக் காரணம்தான். மகள் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்க மறுத்துவிட்டாள். போன மாதம் ஒரு நாள் காலையில் பால் திரிந்துபோனபோது, கெட்டுவிட்டது என்று சொல்லி அவள் கண்ணெதிரே தொட்டியில் கொட்டினேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு, "அன்னைக்குக் கெட்டுப்போச்சுன்னு கொட்டினீங்க, இன்னைக்கு ஏன் சாப்பிடச் சொல்றீங்க?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. பனீர் ஏன் உதிர்ந்தது, மகளுக்கு என்ன சொல்வது என்ற இரண்டையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதிவு 2
வெண்கலப்பானை (கும்பகோணம்)

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி, அம்மா. நம் வீடுகளில் பால் திரிவது என்பது வெறும் சமையல் பிழை அல்ல. புதுவீட்டில் பால் காய்ச்சும்போது அது பொங்கி வழிய வேண்டும். திரிந்துவிட்டால் வந்தவர்கள் முகமே மாறிவிடும். உறை ஊற்றித் தயிராக்குவோம், கடைந்து வெண்ணெய் எடுப்போம், சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் கிளறுவோம், ஆனால் நல்ல பாலில் புளிப்பை விட்டு வேண்டுமென்றே திரிய வைக்கும் வழக்கம் என் மாமியார் காலத்து அடுப்படியில் இருந்ததில்லை. என் மருமகள் முதன்முதலாகச் செய்தபோது நான் பார்க்கப் பிடிக்காமல் கூடத்திற்குப் போய்விட்டேன். அன்று இரவு அதையே பட்டாணியோடு குருமாவில் சாப்பிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு. நான் அதைப் பனீர் என்றே எழுதுவேன். பன்னீர் என்றால் எனக்குக் கல்யாண வாசலில் சொம்பிலிருந்து தெளிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. என் பேரன் ஒருமுறை பன்னீர் சோடாவில் கட்டி எங்கே என்று தேடினான்.

பதிவு 3
ஆய்வுக்கூடம் (ஈரோடு)

பால் பதனிடும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இரண்டு கேள்விகளுக்கும் சற்று விரிவாக விடை எழுதுகிறேன். இரண்டின் வேரும் ஒன்றுதான்.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பால் முழுவதும் மிதக்கிறது. அத்துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை ஆகையால் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புதிய பாலின் பி.எச். அளவு சுமார் 6.6. புளிப்பு சேரச் சேர இந்த எண் இறங்குகிறது, துகள்களின் தள்ளும் வலிமையும் குறைகிறது. அறை வெப்பத்தில் 4.6 அளவுக்கு இறங்கினால்தான் கேசீன் முழுவதும் ஒன்று சேரும். ஆனால் பால் சூடாக இருந்தால் அவ்வளவு தூரம் இறங்கத் தேவையில்லை, 5.4 அருகிலேயே திரண்டுவிடும். சூட்டோடு செய்வதன் சிக்கனம் இதுதான்: குறைந்த புளிப்பில் வேலை முடிகிறது.

போன மாதம் உங்கள் வீட்டில் திரிந்த பாலிலும் இதேதான் நடந்தது. வேறுபாடு, புளிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. பாக்கெட் பாலைப் பதப்படுத்தும்போது நோய்க்கிருமிகள் அழிகின்றன, ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் அழிவதில்லை. குளிர் விட்டுப்போன பாலில் எஞ்சியவை பெருகிப் பால் சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. பாக்கெட்டில் இருக்கும் வரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அந்த அரைகுறைப் புளிப்போடு அடுப்பில் சூடும் சேர்ந்தவுடன் திரிந்துவிடும். காலையில் நன்றாக இருந்த பால் காய்ச்சும்போது மட்டும் ஏன் திரிந்தது என்று நாம் திகைப்பது இதனால்தான். அதில் எந்த உயிர் எவ்வளவு பெருகியது என்பது நமக்குத் தெரியாது ஆகையால் கொட்டியது சரி. பனீரில் அந்தப் புளிப்பை நாமே, நமக்குத் தெரிந்த பழத்திலிருந்து, கொதித்து ஆறிய நல்ல பாலில் விடுகிறோம். உங்கள் மகளிடம் இரண்டுமே திரிந்த பால் என்றும், ஒன்றில் மட்டும் யார் திரித்தார்கள் என்பது நமக்குத் தெரியும் என்றும் சொல்லிப் பாருங்கள். ஆறு வயதுக்கு அது போதும்.

இனி உங்கள் ரவைக்கு வருகிறேன். மூன்று இடங்களில் தவறியிருக்கிறது. முதலாவது, கொதி நிலையில் நீர் கலக்காத சாற்றை ஊற்றியது. சாறு விழுந்த இடத்தில் மட்டும் புரதம் சட்டென்று இறுகிச் சிறு மணிகளாகிவிடும்; மற்ற இடத்தில் பால் பாலாகவே நிற்கும். திரியவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது அந்தப் பாலைப் பார்த்துத்தான். இரண்டாவது, அரை நிமிடம் பொறுக்காமல் இன்னும் இரண்டு பழம் பிழிந்தது. புளிப்பின் காரணம் அது. மூன்றாவதுதான் பெரிய பிழை: திரிந்த பின்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டது. திரண்ட புரதம் கொதிக்கக் கொதிக்கத் தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பல்லில் கீச்சிட்டது அதனால்தான். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடுதான் என்பதும் சேர்ந்துகொண்டது. புரத வலைக்கு நடுவே கொழுப்பு இருந்தால்தான் கட்டி மெத்தென்று இருக்கும். பச்சைப் பாக்கெட்டில் 4.5, ஆரஞ்சில் 6. அடுத்த முறை பச்சையையாவது எடுங்கள்.

செய்முறை இது. ஒரு லிட்டர் பாலை ஒரு கொதி வரும் வரை காய்ச்சுங்கள். 90 பாகைக்குச் சூடாவது கட்டாயம், ஏனென்றால் அப்போதுதான் வடிநீரோடு ஓடிப்போகக்கூடிய மற்றப் புரதங்களும் இயல்பு மாறிக் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும், கட்டியும் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு அடுப்பை அணைத்து ஐந்தாறு நிமிடம் விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு வெந்நீர் கலந்து, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து எண்ணும் வரை கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். வடிநீர் வெள்ளைக் கலங்கல் இல்லாமல் இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தவுடன், கிண்ணத்தில் சாறு மிச்சம் இருந்தாலும், நிறுத்திவிட வேண்டும். மூடி வைத்துப் பத்து நிமிடம் கழித்து வடிக்கலாம்.

பதிவு 4
இரட்டைவால் (கோயம்புத்தூர்)

ஆய்வுக்கூடம் ஐயாவின் விளக்கத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. எனக்கு ஏழு வயதில் இரட்டையர் இருப்பதால் அதை நான் எழுதியே ஆக வேண்டும். அணைத்து ஆறு நிமிடம் ஆன பாலும் தோலைப் பொசுக்கும் சூட்டில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருமுறை வடிகட்டும்போது துணியின் ஒரு முனை நழுவி, சூடான நீர் என் முன்கையில் விழுந்தது. பிள்ளைகளில் ஒருவன் அரையடி தள்ளி நின்றிருந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வடிப்பது முழுக்கப் பெரியவர் வேலை. அப்போது இருவரும் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பித் தவறிச் சூடு பட்டுவிட்டால், குழாயடியில் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். நெய், பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம்.

அதற்காகப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போகாது. பழம் பிழிவது, விதை எடுப்பது, நீர் கலப்பது, கரண்டி எண்ணுவது எல்லாம் அவர்களுடையவை. ஊற்றும்போது பாத்திரத்தை அடுப்பு மேடையிலிருந்து இறக்கி, உயரம் குறைந்த, அசையாத மேசையில் ஈரத் துணி விரித்து அதன்மேல் வைக்கிறேன். ஒருவன் கரண்டியைப் பிடிப்பான், அவன் கையை நான் பிடிப்பேன், மற்றவன் பத்து வரை எண்ணுவான். அடுத்த கரண்டிக்கு இடம் மாறிக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக் கிண்ணச் சண்டைக்கும் இது மருந்தாகும். வடித்த பின் கட்டியின் மேல் குளிர்ந்த குடிநீரை ஊற்றிவிட்டால் புளிப்பும் போகும், சூடும் போகும். அதன் பிறகு துணியோடு பிசைந்து உருட்டுவது முழுக்க அவர்கள் பாடு.

மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் இன்னொரு வழி உண்டு. கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான பால் கால் பங்கு ஊற்றி, சாற்றைச் சொட்டுச் சொட்டாக அவர்களையே விடச் சொல்லுங்கள். பெரிய கட்டி கிடைக்காது, தூளாகத்தான் திரியும். ஆனால் கண்ணாடிச் சுவரில் வெள்ளை பிரிந்து இறங்குவதைப் பக்கவாட்டில் பார்க்கலாம், பாத்திரத்தில் அது தெரியாது.

பதிவு 5
சிக்கனம் (மதுரை)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு லிட்டர் கொழுப்பு மிகுந்த பாலில் இருநூறு கிராம் தேறினால் பெரிது. பால், எரிவாயு, எலுமிச்சை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கடையில் வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மிச்ச நீர் முழுவதும் தொட்டியில் போகிறது. பாலை இப்படிச் செலவழிக்கத்தான் வேண்டுமா?

பதிவு 6
வெண்கலப்பானை (கும்பகோணம்)

தொட்டியில் ஏன் போக வேண்டும்? பாலின் சர்க்கரையில் பெரும்பகுதி அந்த நீரில்தான் தங்குகிறது என்று படித்திருக்கிறேன். நாங்கள் சப்பாத்தி மாவை அதில்தான் பிசைகிறோம், மாவு மெத்தென்று வரும். புளிப்பு மிதமாக இருந்தால் ரசத்திலும் சேர்க்கலாம், உப்பும் சீரகத்தூளும் போட்டு மோரைப் போலக் குடிக்கலாம். மற்றபடி, பூந்தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது செலவுக் கணக்குப் பார்க்கிறோமா என்ன?

பதிவு 7
பனிமூட்டம் (டொராண்டோ)

இங்கே ஒன்டாரியோவில் பால் நான்கு லிட்டராக, ஒரு பெரிய பையினுள் மூன்று சிறு பைகளாக விற்கப்படுகிறது; 3.25 விழுக்காடு கொழுப்புள்ளதுதான் முழுப்பால். கொழுப்பு மேலே ஏடாகத் திரளாதபடி நுண்ணிதாக உடைத்துக் கலந்திருப்பதால், இந்தப் பாலில் செய்யும் பனீர் ஊர்ப் பனீரைவிட மென்மையாகவே இருக்கிறது, வாணலியில் திருப்பினால் உடைகிறது. எனவே நாங்கள் பொரிப்பதை விட்டுவிட்டு, மிளகும் உப்பும் தூவி ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறோம். எலுமிச்சைக்குப் பதிலாகப் புளித்த தயிர் முக்கால் கோப்பை சேர்த்துச் செய்தபோது இன்னும் மென்மையாக வந்தது, புளிப்பும் உறுத்தவில்லை. என் மகன் சமையல் வெப்பமானியைப் பாலில் விட்டுக்கொண்டு எண்களை உரக்கப் படிப்பான். காத்திருக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பதிவு 8
தாழ்வாரம் (திருநெல்வேலி)

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மறுபடியும் செய்யவிருக்கிறோம். அதற்குள் ஓர் ஐயம். எங்கள் தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவரிடம் கறந்த பால் கிடைக்கிறது. அதில் செய்யலாமா? அலுமினியப் பாத்திரம்தான் என்னிடம் பெரியதாக இருக்கிறது, அது பரவாயில்லையா?

பதிவு 9
ஆய்வுக்கூடம் (ஈரோடு)

கறந்த பால் நன்றாகவே திரளும். ஆனால் முழுக் கொதி வந்த பின்னரே எடுக்க வேண்டும். காய்ச்சாத பாலில் புரூசெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், டம்ளரில் சொட்டு விடும் விளையாட்டுக்கும் காய்ச்சி ஆறவைத்த பாலையே கொடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்போடு சேராது. அடிகனமான எவர்சில்வர் போதும். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் சிறிதாக இருந்தால் அரை லிட்டரில் செய்யுங்கள், சாறும் பாதி.

அழுத்துவதற்கு அம்மிக்குழவி வேண்டியதில்லை. துணியோடு தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டும், அதன்மேல் பாதி தண்ணீர் ஊற்றிய சிறிய குக்கரும் வைத்தால் இருபது, முப்பது நிமிடத்தில் இறுகும். பிறகு குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போட்டால் துண்டு போட வரும். குளிர்பதனப் பெட்டியில் நீருக்குள் வைத்து, தினமும் நீரை மாற்றி, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பதிவு 10
தாழ்வாரம் (திருநெல்வேலி)

செய்தாயிற்று. பச்சைப் பாக்கெட் ஒரு லிட்டர், எவர்சில்வர் பாத்திரம், இரண்டு பழத்தில் கிடைத்த சாறு இரண்டு மேசைக்கரண்டி, அதே அளவு வெந்நீர்.

முதலில் டம்ளர். மகளிடம் சொட்டு விடச் சொன்னேன். ஐந்தாவது சொட்டு வரை ஒன்றுமில்லை. பத்தைத் தாண்டியதும் கண்ணாடியின் உட்புறத்தில் மாவு அப்பியது போல வெள்ளைப் பொடி ஒட்டத் தொடங்கியது. அவள் டம்ளரைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடியும் சாய்த்தாள். யார் திரித்தது என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். ஐயா எழுதித் தந்த வாக்கியத்தை நான் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

பெரிய பாத்திரத்தில் முதல் இரண்டு கரண்டிக்குப் பாலில் மாற்றம் இல்லை. மறுபடியும் என் கை துடித்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மகன் ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்ததால் நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது கரண்டியில் ஓரங்களில் வெள்ளை பஞ்சாகக் கூடிற்று. நான்காவதை ஊற்றாமல் பத்துக்கு மேல் இன்னொரு பத்து எண்ணினோம். அதற்குள் நடுவில் பிளவு விழுந்து, அதன் வழியே பச்சை கலந்த மஞ்சள் நீர் தெரிந்தது, பாசிப்பயறு ஊறிய தண்ணீரின் நிறம். கிண்ணத்தில் ஒரு கரண்டிச் சாறு மிஞ்சியது.

பனீர் 165 கிராம் இருந்தது, வடிநீர் 830 மில்லி. மகன் இங்கேதான் மாட்டிக்கொண்டான். ஒரு லிட்டர் பால் 1030 கிராம் எடை என்று நான் சொல்லியிருந்தேன். சாறும் வெந்நீருமாக ஊற்றியது 45 என்று அவனே கூட்டி, வடிநீரையும் பனீரையும் கழித்தால் எண்பது கிராமுக்குக் கணக்கு இடிக்கிறது என்றான். தராசு பொய் சொல்கிறது என்றான். பிறகு துணியை எடைபோட்டான், காய்ந்த துணியை எடைபோட்டான், பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைச் சுரண்டினான். அப்படியும் சிறிது குறைந்தது. கொதிக்கும்போது ஆவியாகப் போனது அது என்று கண்டுகொள்ள அவனுக்கு மதிய உணவு வரை ஆயிற்று. வடிநீரின் எடையை மில்லியிலேயே கழித்திருக்கிறான், அதிலும் இருபது கிராம் வரை மறைந்திருக்கலாம் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

கட்டி துண்டு போட வந்தது. ஒரு மூலையில் மட்டும் பெருவிரல் பதிந்த குழி இருக்கிறது, குக்கரை வைக்கும் முன் இறுகிவிட்டதா என்று மகள் அழுத்திப் பார்த்திருக்கிறாள். அந்தத் துண்டு தனக்குத்தான் என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாமா வீட்டிலிருந்து எருமைப் பால் வருகிறது. அதற்கும் இதே அளவுச் சாறு போதுமா?

பதிவு 11
ஆய்வுக்கூடம் (ஈரோடு)

எருமைப் பாலில் கேசீனும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் ஆகையால் புளிப்பை அது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். மூன்று மேசைக்கரண்டி பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கே நிறுத்துவது என்பதை நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கட்டி கூடுதலாகக் கிடைக்கும், பசும்பாலைவிட உறுதியாகவும் இருக்கும். எண்ணுவதற்கு உங்கள் மகனையே வைத்துக்கொள்ளுங்கள்.